வாசகர் கேள்வி–பதில்: கைப்பேசியின் முதுகில் ஒட்டும் திரை

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஈசூனில் வசிக்கும் இல்லத்தரசி நான். உணவங்காடி நிலையங்களுக்குச் சென்று, அங்கு கிடைக்கும் உணவுவகைகளைப் பற்றித் தமிழில் பேசிச் சிறு காணொளிகள் வெளியிட்டு வருகிறேன். படம்பிடித்துக் கொடுக்க உடன் வருபவர் யாரும் இல்லை. என்னிடம் இருப்பது ஐபோன் 13. அதன் முன்புறக் கேமராவில் மாலை நேரத்தில் எடுத்தால் முகம் தெளிவின்றிக் கரைந்து தெரிகிறது. பின்புறக் கேமராவில் எடுத்தால் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது என் தலை பாதிதான் இருக்கிறது. கைப்பேசியின் முதுகில் ஒட்டவோ கிளிப்பில் மாட்டவோ கூடிய சிறிய செல்ஃபி மானிட்டர்கள் இணையக் கடைகளில் ஏராளமாகத் தென்படுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?
– ஈசூன் வாசகி

பதில்: எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கேள்வியிலேயே குறிப்பிட்டது நல்லதாயிற்று, ஏனெனில் பாதி விடை அதில்தான் இருக்கிறது. திரை எத்தனை அங்குலம், விலை எத்தனை வெள்ளி என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கைப்பேசி தன் படத்தை எந்த வழியாக வெளியே அனுப்பும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வழியும் திரை ஏற்கும் வழியும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது முதுகில் ஒட்டிய கறுப்புக் கண்ணாடியாகத்தான் இருக்கும்.

முதலில், பின்புறக் கேமராவை நாட நீங்கள் நினைத்தது சரியே. ஐபோன் 13-இன் முதன்மைக் கேமராவில் வெளிச்சம் நுழையும் துளை எஃப்/1.6, முன்புறக் கேமராவின் துளை எஃப்/2.2 (எண் சிறிதானால் துளை பெரிது). இந்த ஒரு வேறுபாட்டால் மட்டுமே முதன்மைக் கேமராவின் உணரியில் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் பகுதியில்) ஒரே பரப்பில் ஏறத்தாழ இரு மடங்கு வெளிச்சம் விழுகிறது. உணரியும் அளவில் பெரியது. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பும் அதில் உண்டு. இவற்றைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐபோன்களின் முன்புறக் கேமராவுக்குத் தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) வந்தது 2022-இல் வெளியான ஐபோன் 14 வரிசையில்தான். உங்கள் கைப்பேசியின் முன்புறக் கேமரா ஒரே தொலைவில் நிலைத்த குவியம் கொண்டது. பிராட்டாவைப் பிய்த்து அதன் மடிப்புகளைக் கேமராவுக்கு அருகே தூக்கிக் காட்டினால் அது மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். உணவைப் பற்றிப் பேசுபவருக்கு இது சிறிய குறை அன்று.

இனி இணைப்பு. உங்கள் கைப்பேசியில் இருப்பது லைட்னிங் துளை. யுஎஸ்பி-சி ஐபோன்களுக்கு வந்தது 2023-இல், ஐபோன் 15 வரிசையோடு. ஆகவே ‘டைப்-சி வயரைச் செருகினால் போதும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் திரைகளை நீங்கள் ஒதுக்கிவிடலாம். லைட்னிங்கிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் இணைப்பி ஒன்றை இடையில் போட்டு எச்டிஎம்ஐ ஏற்கும் திரையை இணைக்க வழி இருக்கிறது. ஆனால் கையில் பிடித்தபடி நடந்து எடுப்பவருக்கு அந்த வயர்த் தொங்கலால் தொல்லைதான் மிஞ்சும். உங்களுக்குப் பொருத்தமானது, ஆப்பிளின் கம்பியில்லாப் படமனுப்பும் முறையான ஏர்பிளே வழியாகப் படத்தைப் பெறும் திரை. பொருளின் விவரக் குறிப்பில் ‘ஏர்பிளே’ என்ற சொல் வெளிப்படையாக இருக்க வேண்டும். ‘ஐபோனுக்கு ஏற்றது’ என்ற பொத்தாம்பொதுவான வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம்.

இவ்வகைத் திரைகளில் பல, தாமே ஒரு வைஃபை வலையை உருவாக்குகின்றன. கைப்பேசியை அந்த வலையில் இணைத்து, ‘ஸ்கிரீன் மிரரிங்’ பொத்தானை அழுத்தினால் கைப்பேசித் திரையில் இருப்பது அப்படியே பின்னால் தெரியும். கேமரா செயலியின் பொத்தான்கள், இடையில் வந்து விழும் குறுஞ்செய்திகள் எல்லாமே சேர்ந்து தெரியும் என்பதால், தொடங்குமுன் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் போட்டுவிடுங்கள். கம்பியில்லா இணைப்பில் படம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பின்தங்கி வரும். நீங்கள் கையை உயர்த்திய பிறகுதான் திரையில் கை உயரும். இதைக் கண்டு பலர் பதற்றமடைகிறார்கள். பதிவு நடப்பது கைப்பேசிக்குள். திரையின் தாமதம் காணொளியில் சேராது.

உணவங்காடி நிலையத்தில் வேறொரு சிக்கல் எதிர்ப்படலாம். பொது வைஃபை, கடைக்காரர்களின் கட்டணக் கருவிகள், மேசைக்கு மேசை கம்பியில்லாக் காதொலிக் கருவிகள் என்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அங்கே நிரம்பி வழியும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும் திரையைத் தேர்ந்தெடுங்கள். மதிய உணவு நேரத்துக் கூட்டத்தில் படம் விட்டுவிட்டு வருவது பெருமளவு குறையும்.

ஐபோன் 12 தொடங்கி மேக்சேஃப் காந்த வளையம் வந்துவிட்டதால், உங்கள் கைப்பேசியில் காந்தத் திரை நேரடியாக ஒட்டும். உறை போட்டிருந்தால் அதுவும் காந்த வளையம் உள்ள உறையாக இருக்க வேண்டும். சாதாரணத் தடித்த உறையின் மேல் ஒட்டிய திரை, படி இறங்கும்போது கையோடு வராது. கிளிப் வகையின் நன்மை, எந்தக் கைப்பேசியிலும் மாட்டலாம், வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம் என்பது. ஆனால் காந்தம் வைத்த கிளிப்பைக் கேமராவை ஒட்டி மாட்டாதீர்கள். நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பையும் குவியத்தையும் அருகிலுள்ள காந்தம் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. வீட்டில் இதயமுடுக்கி பொருத்திக்கொண்ட பெரியவர்கள் இருந்தால், மேக்சேஃப் கருவிகளை அவர்களின் மார்புப் பகுதியிலிருந்து 15 செண்டிமீட்டருக்கு அப்பால் வைப்பது அவசியம்.

வாங்கியபின் முதல் சில நாள்களுக்கு உங்களைக் குழப்பப்போவது இடவலம். முன்புறக் கேமராவில் உங்கள் முகம் நிலைக்கண்ணாடியில் தெரிவதைப் போலத் தெரிந்து பழகியிருப்பீர்கள். பின்புறக் கேமராவின் படமோ மற்றவர் கண்ணுக்குத் தெரியும் விதத்தில் வரும். சட்டகத்தின் ஓரத்துக்குப் போய்விட்டோமே என்று நடுவுக்கு வர எண்ணி நகர்ந்தால், இன்னும் ஓரத்துக்கே போவீர்கள். படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி சில திரைகளில் இருக்கிறது. சிறிய வசதிதான், ஆனால் தனியாக எடுப்பவருக்கு அங்குலக் கணக்கைவிட இது பயன்படும் என்பது என் கருத்து.

அடுத்தது பார்வை. கேமரா கைப்பேசியின் மேல் மூலையில் இருக்கிறது. காந்தத் திரை நடுவில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் இடையே 5 செண்டிமீட்டர் என்று கொள்வோம். கையை நீட்டி 50 செண்டிமீட்டர் தொலைவில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துப் பேசினால், உங்கள் பார்வை கேமராவிலிருந்து ஏறத்தாழ 6 பாகை விலகும். பார்ப்பவருக்கு நீங்கள் அவருடைய மோவாயைப் பார்த்துப் பேசுவது போலிருக்கும். அதே கைப்பேசியை முக்காலியில் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் விலகல் 2 பாகைக்குள் அடங்கிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே கையில் பிடித்து எடுக்கும்போது திரையைச் சட்டகம் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தி, பேசும்போது கேமராவைப் பாருங்கள். இதற்குப் பெரிய திரை வேண்டியதில்லை. மூன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் எடைதான் கூடும்.

நீங்கள் கைப்பேசியை நெடுக்குவாக்கில் பிடித்து எடுப்பவரா என்பதைக் கேள்வியில் சொல்லவில்லை. அப்படியானால், திரையும் நெடுக்காகத் திரும்பிப் படத்தை முழுவதுமாகக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். அகலவாக்கில் மட்டும் காட்டும் திரையில் நெடுக்குப்படம் நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்கி, இருபுறமும் கறுப்பு நிறமே மிஞ்சும்.

வெயிலையும் வெப்பத்தையும் தள்ளிவிட முடியாது. உங்கள் கைப்பேசித் திரையின் வழக்கமான உச்ச ஒளிர்வு 800 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு). அதையே மரினா அணைக்கட்டின் புல்வெளியில் நண்பகலில் வைத்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். அதைவிட ஒளி குறைந்த திரையை வாங்கினால் வெளிப்புறத்தில் உங்கள் நிழலுருவம்தான் தெரியும். நிட் அளவைக் குறிப்பிடாமல் ‘மிகு ஒளிர்வு’ என்று மட்டும் போட்டிருந்தால், அதை உட்புறப் பயன்பாட்டுக்கு உரியதாகக் கருதுவது நல்லது. வெப்பமும் அவ்வாறே. ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. நம் ஊரின் பிற்பகல் அந்த எல்லைக்கு வெகுதொலைவில் இல்லை. முதுகில் ஒரு திரையை ஒட்டி வெப்பம் வெளியேறும் பரப்பையும் மூடி, 4கே தரத்தில் தொடர்ந்து எடுத்தால், கைப்பேசி தன் திரையை மங்கலாக்கிப் பிறகு பதிவையும் நிறுத்தக்கூடும். நிழலில் நின்று துண்டு துண்டாக எடுப்பதே வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு, காசு செலவில்லாத இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஆப்பிள் வாட்ச் இருந்தால், அதிலுள்ள ‘கேமரா ரிமோட்’ செயலி பின்புறக் கேமராவின் காட்சியை மணிக்கட்டிலேயே காட்டும். பதிவைத் தொடங்கவும் செய்யலாம். முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு அதுவே போதும். அதுவும் இல்லையென்றால், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கைப்பேசியின் முதுகில் ஒட்டிப் பாருங்கள். இது கேலிப் பேச்சன்று. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஷார்ப் ஜே-எஸ்எச்04 என்ற கேமராக் கைப்பேசியில், தன்னைத் தானே படமெடுத்துக்கொள்பவருக்காக வில்லையின் அருகே ஒரு குட்டிக் கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். சட்டகத்தின் எல்லை அதில் துல்லியமாகத் தெரியாது என்றாலும், தலை பாதியாக வெட்டுப்படுவதை நிறுத்த அது போதும்.

கேள்வி: என் கைப்பேசி சாம்சுங் கேலக்சி ஏ வரிசையைச் சேர்ந்தது. ‘அனைத்து டைப்-சி கைப்பேசிகளுக்கும்’ என்று போட்டிருந்த வயர் இணைப்புள்ள கிளிப் திரையை வாங்கினேன். செருகினால் திரைக்கு மின்சாரம் வருகிறது, படம் வரவில்லை. விற்றவர் கைப்பேசியில்தான் கோளாறு என்கிறார். உண்மையா?
– செங்காங் வாசகர்

பதில்: கைப்பேசியில் கோளாறு இல்லை, அதில் அந்த வசதியே இல்லை. யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்தைக் குறிக்கிறதே தவிர, அதன் வழியாக என்னவெல்லாம் போகும் என்பதைக் குறிப்பதில்லை. மின்சாரம் எல்லாவற்றிலும் போகும். படம் போக வேண்டுமென்றால் ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதியைக் கைப்பேசித் தயாரிப்பாளர் உள்ளே அமைத்திருக்க வேண்டும். சாம்சுங்கின் கேலக்சி எஸ் வரிசையில் அது உண்டு. ஏ வரிசையில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஐபோன் 15 முதல் உண்டு. கூகல் பிக்சலில் 8-ஆம் வரிசையிலிருந்துதான் கிடைக்கிறது, அதுவும் 2024-இல் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பிறகு.

உங்கள் கைப்பேசியின் விரைவு அமைப்புகளில் ‘ஸ்மார்ட் வியூ’ என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மிராகாஸ்ட் என்ற கம்பியில்லாப் படமனுப்பும் முறையை ஏற்கும் திரை உங்களுக்குப் பொருந்தும். பிக்சல் வைத்திருப்பவர்கள் இதை நம்பி வாங்கிவிட வேண்டாம். கூகல் தன் கைப்பேசிகளில் மிராகாஸ்டைக் கைவிட்டுத் தன் சொந்த ‘காஸ்ட்’ முறையை மட்டுமே வைத்திருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பொறுத்தவரை, உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம், பழுதான பொருள்களுக்கு மட்டுமல்லாமல், விற்கும்போது சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருள்களுக்கும் செல்லும். ‘அனைத்து டைப்-சி கைப்பேசிகளுக்கும்’ என்ற அந்த வாசகமே உங்கள் சான்று; விற்பனைப் பக்கத்தை அவர் திருத்துவதற்குள் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிறுவ வேண்டியது விற்றவரின் பொறுப்பு. அவர் இணங்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இவற்றில் எதுவும் எளிதாக எட்டாது. இணையத்தில் சில வெள்ளி குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக வெளிநாட்டில் வாங்குவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும், பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்கினால், பொருள் சேவை வரி உண்டு என்பதால் விலை வேறுபாடும் முன்போல் இல்லை. சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களுக்கு நேரில் சென்று, உங்கள் கைப்பேசியிலேயே செருகிப் படம் வருவதைக் கண்ணால் பார்த்தபின் பணம் கொடுப்பது இந்தப் பொருளுக்கு மிகப் பொருந்தும்.

கேள்வி: ஐபோன் 15 வைத்திருக்கிறேன். வயர் இணைப்புள்ள திரை தாமதமின்றி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் என் கம்பியில்லா மைக்கின் ரிசீவரையும் அதே துளையில்தான் செருக வேண்டியிருக்கிறது. எதை விடுவது?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: திரையை விடுங்கள், மைக்கை விடாதீர்கள். படம் சற்றுக் கோணினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழாவிட்டால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் எளிய வழி, திரையைக் கம்பியில்லா வகைக்கு மாற்றிக்கொண்டு துளையை மைக்குக்கு விட்டுவிடுவது. இவ்வகை மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்னதுபோலத் திரை 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதாக இருக்கட்டும். மாறாக, வயர்த் திரையை வைத்துக்கொள்ள விரும்பினால், டிஜேஐ மைக் மினி போன்ற சிலவற்றின் டிரான்ஸ்மிட்டரை ரிசீவர் இல்லாமலே புளூடூத் வழியாகக் கைப்பேசியுடன் இணைக்க முடியும். ஆனால் புளூடூத் மைக்கை ஏற்கும் கேமரா செயலி உங்களிடம் இருக்க வேண்டும், எல்லாச் செயலிகளும் ஏற்பதில்லை. இரண்டையும் ஒரே ஹப்பில் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் கருவியில்) செருகி எடுப்பவர்களும் உண்டு. ஹப், இரண்டு வயர், ரிசீவர் என்று கைப்பேசியைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியாக இருந்தாலும், வெளியே கிளம்புமுன் வீட்டிலேயே அரை நிமிடம் பதிவு செய்து காதில் கேட்டுப் பாருங்கள். திரையை இணைத்ததும் கைப்பேசி ஒலியை எங்கிருந்து எடுக்கிறது என்பது செயலிக்குச் செயலி மாறுபடும்.

கேள்வி: தைப்பூச ஊர்வலத்தை நடந்தபடியே எடுக்க, கை நடுக்கத்தை மோட்டாரால் சமன்செய்யும் பிடியான கிம்பல் வாங்கியிருக்கிறேன். அதில் பூட்டிய கைப்பேசியில் காந்தத் திரையை ஒட்டலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: பெரும்பாலும் இயலாது. கிம்பலின் பிடி கைப்பேசியின் நடுமுதுகைப் பற்றிக்கொள்கிறது. காந்தத் திரை ஒட்ட வேண்டிய இடமும் அதுவே. கிளிப் திரையை ஓரத்தில் மாட்டலாம், ஆனால் எடையைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, டிஜேஐ ஓஸ்மோ மொபைல் 6 தாங்கும் கைப்பேசி எடை 170 முதல் 290 கிராம் வரை. ஐபோன் 15 புரோ மேக்ஸ் மட்டுமே 221 கிராம். மிச்சம் 69 கிராம்தான். அந்த எடைக்குள் அடங்கினாலும், ஒரு பக்கமாகத் தொங்கும் பாரத்தைச் சமன்செய்ய மோட்டார் ஓயாமல் உழைத்து மின்கலத்தைத் தீர்த்துவிடும். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கப்போகிறவர், ஊர்வலத்தைத்தான் எடுக்கப்போகிறார், தம் முகத்தை அல்ல. அன்றைக்குத் திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேலக்சி இசட் ஃபிளிப் போன்ற மடிப்புக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடிய நிலையில் வெளித்திரையே பின்புறக் கேமராவின் காட்சியைக் காட்டும் என்பதால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: அடுத்த மாதம் திருச்சிக்குப் போகிறேன். மின்கலம் உள்ள செல்ஃபி திரையை விமானத்தில் கொண்டுபோகலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: தாராளமாகக் கொண்டுபோகலாம். கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் போடாமல் இருப்பது நல்லது. பொதுவாக அனுமதிக்கப்படும் எல்லை 100 வாட்மணி. 2,000 மில்லி ஆம்பியர்மணி, 3.7 வோல்ட் மின்கலம் என்றால் அது 7.4 வாட்மணிதான். மின்கலத்தின் அளவு கருவியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதுவுமே அச்சிடப்படாத பொருளைப் பாதுகாப்புச் சோதனையில் விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். கூடவே பவர் பேங்க் கொண்டுபோனால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது அதிலிருந்து எதற்கும் மின்னேற்றக் கூடாது, விமானத்தின் யுஎஸ்பி துளையில் அதற்கு மின்னேற்றவும் கூடாது. ஆகவே திரையை முதல் நாள் இரவே வீட்டில் முழுமையாக மின்னேற்றி, அணைத்து எடுத்துச் செல்லுங்கள்.